போட்டியின்றித் தெரிவு: வன்னி வாசகர் கேள்விகள்

பிரதேச சபைத் தேர்தலுக்கு எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் ஒருவரையே விரும்புகிறோம். வேறு யாரும் கேட்காவிட்டால் அவர் போட்டியின்றி வந்துவிடுவாரா? (நெடுங்கேணி)

வரமாட்டார். அம்மப்பா காலத்துக் கிராமச் சபையில் அது நடக்கும். வட்டாரத்துக்கு வட்டாரம் தனி ஆள்தானே கேட்டார். இப்போது வேட்புமனு கொடுப்பது கட்சி, இல்லையென்றால் சுயேச்சைக் குழு. அதுவும் முழுப் பிரதேச சபைக்கும் சேர்த்து: எல்லா வட்டாரங்களுக்கும் பெயர் வேண்டும், வட்டாரம் குறிக்காத மேலதிகப் பட்டியலும் வேண்டும். அதனால் மற்றக் கட்சிகள் உங்கள் வட்டாரத்துக்கும் பேருக்கு ஒருவரைப் போட்டே தீரும். அவருக்கு அங்கே வீடுகூட இருக்காது. சின்னம் மட்டும் வாக்குச்சீட்டில் இருக்கும்.

அப்படியானால் வாக்கெடுப்பே இல்லாமல் சபை அமைய வழியில்லையா? (ஒட்டுசுட்டான்)

சட்டத்தில் வழி உண்டு. முழுச் சபைக்கும் ஒரே பட்டியல்தான் ஏற்கப்பட்டது என்றால், தெரிவத்தாட்சி அலுவலர் அதைப் போட்டியின்றித் தெரிவானதாக அறிவிப்பார். நண்பகல் 12 மணிக்கு மனு ஏற்பது முடியும், 1.30 வரை ஆட்சேபனை. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எதிர்ப்பட்டியல்களைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில், வாகனப் பொனற்றின் மேல் தாள்களைப் பரப்பிப் பெண் வேட்பாளர்களை மூன்றாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். வட்டார வேட்பாளர்களின் முதற்பத்திரத்தில் 10 வீதம், மேலதிகப் பட்டியலில் 50 வீதம் பெண்கள். ஒன்று குறைந்தாலும் பட்டியலே போய்விடும். 2025இல் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில் வந்த சிக்கலால் நாடு முழுக்கப் பல பட்டியல்கள் கழிந்தன. சில வழக்குப் போட்டுத் திரும்பி வந்தன. கட்சிகள் இவ்வளவு மலிந்த வன்னியில் ஒரே பட்டியல் மிஞ்சுமென்று நான் நம்பமாட்டேன்.

வாக்குப் போட்டுத்தானே சபை வந்தது? பிறகேன் பேப்பரில் 'தவிசாளர் போட்டியின்றித் தெரிவு' என்று போடுகிறார்கள்? (துணுக்காய்)

அது வேறு கதை. ஒரு கட்சிக்கு அரைவாசிக்கு மேல் ஆசனம் இருந்தால் தவிசாளரைக் கட்சியே பெயரிடும். இல்லையென்றால் உள்ளூராட்சி ஆணையாளர் முதற்கூட்டத்தை நடத்துவார். ஒரே பெயர் முன்மொழியப்பட்டால், வாக்கெடுப்பு இல்லை, அவர்தான் தவிசாளர். இரண்டு பெயர் வந்தால் பகிரங்க வாக்கா இரகசிய வாக்கா என்பதை உறுப்பினர்களே முடிவு செய்வார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. பேரமெல்லாம் முதல்நாள் இரவே முடிந்துவிடும், அது உங்களுக்கும் தெரியும்.

உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் வருமா? (முழங்காவில்)

வராது. அந்த இடத்துக்குக் கட்சிச் செயலாளரோ குழுத் தலைவரோ பெயர் கொடுப்பார்.

கமக்காரர் அமைப்பில் தலைவரை ஏகமனதாகத் தெரிந்தோம். இப்போது ஒருவர் செல்லாது என்கிறார். (மாங்குளம்)

அதற்குப் பிரதேச சபைத் தேர்தல் சட்டம் பொருந்தாது, உங்கள் அமைப்பின் யாப்பை, அதாவது விதிகளைப் பாருங்கள். அப்புறம் கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். 'எல்லாருக்கும் சம்மதம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் பிடித்த பிடியை விடமாட்டார். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களும் வந்தவர்களின் கையெழுத்தும் இருக்கின்றனவா?