தடுப்பூசி போட்டாயிற்று, திருமணம் ஆகவில்லை: ஸ்மியர் டெஸ்டுக்குப் போகத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 25 வயது நிறைய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன, லண்டனில் வேலை, பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸிலிருந்து ஸ்மியர் டெஸ்ட் எனப்படும் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அழைப்பு வந்திருக்கிறது. பாலுறவால் தொற்றும் எச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசி பள்ளியிலேயே போட்டாயிற்று, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை, திருமணமும் ஆகவில்லை, போக வேண்டுமா? போங்கள் என்பதே என் பதில். நான் மருத்துவர் அல்ல. இந்த நாட்டில் வாழ்ந்து, அழைப்பு வரும்போதெல்லாம் போய்வரும் ஒரு பெண்.

தொந்தரவு இல்லை என்பதைப் போகாமலிருக்கக் காரணமாகச் சொல்கிறீர்கள். தொந்தரவு இல்லாதவர்களுக்காகவே ஏற்பட்ட சோதனை இது. இப்போது இங்கிலாந்தில் எடுக்கப்படும் மாதிரியில் முதலில் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் ஏறத்தாழ அனைத்துக்கும் அந்த வைரஸ்தான் மூலம். தொற்று நிலைத்து, செல்கள் மெல்ல மாறி, புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால் மாறிய செல்களை மட்டும் அகற்றி நோயே வராமல் தடுத்துவிடலாம். வைரஸ் இல்லையென்றால், 2025 ஜூலையிலிருந்து உங்கள் வயதினருக்கு அடுத்த அழைப்பு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் வரும். அதற்கு முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

தடுப்பூசியைப் பற்றி நீங்கள் நினைப்பது பாதி சரி. 12, 13 வயதில் அது வழங்கப்பட்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்ததாக 2021இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு காட்டியது. ஆனால் உங்கள் வயதினருக்குப் பள்ளியில் போடப்பட்ட ஊசி, புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வகைகளில் 16, 18 ஆகிய இரண்டையே குறிவைத்தது. ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் புற்றுநோய்களுக்கு அவையே காரணம் என்றாலும், எஞ்சியவற்றைச் சோதனைதான் பிடிக்க வேண்டும்.

திருமணம் பற்றிய கேள்வியில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் தயக்கத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அழைப்பு வயதைப் பார்த்து வருகிறது. மணமானவரா என்று நர்ஸ் கேட்கமாட்டார். இதுவரை எவருடனும் எவ்வகைப் பாலுறவுத் தொடர்பும் இல்லாதவருக்கு ஆபத்து மிக மிகக் குறைவு, அவர் வேண்டாமென்று முடிவு செய்தாலும் அதில் தவறில்லை. ஆனால் ஒரே ஒருமுறை, எத்தனையோ ஆண்டுகளுக்கு முன், ஆணுடனோ பெண்ணுடனோ நெருக்கம் இருந்திருந்தாலும் சோதனை தேவை. அதை நர்ஸிடம் சொன்னால் அம்மாவின் காதுக்குப் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். குடும்பம் முழுவதும் ஒரே ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிந்திருந்தாலும் உங்கள் மருத்துவத் தகவலை உங்கள் அனுமதியின்றி மருத்துவரோ நர்ஸோ உங்கள் வீட்டாரிடம் சொல்லக்கூடாது. வீட்டில் தபாலைப் பிறர் பிரிப்பதுதான் சிக்கல் என்றால், என்.எச்.எஸ். செயலியில் தகவல் வரும்படி அமைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். வைரஸ் இருப்பதாக முடிவு வந்தாலும் அது யாருடைய நடத்தைக்கும் சான்றிதழ் ஆகாது. பாலுறவில் ஈடுபடுவோரில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றும், பெரும்பாலும் இரண்டாண்டுக்குள் உடலே விரட்டிவிடும், சிலரிடம் பல ஆண்டுகள் ஓசையில்லாமல் தங்கியும் இருக்கும். ஆகவே அதை வைத்து இன்றைய துணையைச் சந்தேகிப்பதிலும் பொருளில்லை.

பிக் பிரதர் என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சியால் அறியப்பட்ட ஜேட் கூடி, 2008 ஆகஸ்டில் இந்தியாவில் பிக் பாஸ் வீட்டுக்குள் இருந்தபோதுதான் தமக்கு இந்நோய் இருப்பதை அறிந்தார். 2009 மார்ச்சில், 27 வயதில், இறந்தார். அந்தக் காலகட்டத்தில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கூடுதலாகச் சோதனைக்குப் போனார்கள். பிறகு அந்த வேகம் தணிந்தது. இன்று அழைக்கப்படுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் போவதில்லை, இளம் பெண்களிடம் தயக்கம் இன்னும் அதிகம். அச்சம் நெடுநாள் நிற்பதில்லை என்பதால் உங்களை அச்சுறுத்தி அனுப்ப நான் விரும்பவில்லை.

அறைக்குள் நடப்பது இவ்வளவுதான். இடுப்புக்குக் கீழ் உடையைக் களைந்து, கொடுக்கும் துணியைப் போர்த்திக்கொண்டு, முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். ஸ்பெக்குலம் என்ற கருவியால் பிறப்புறுப்பைச் சற்று விரித்து, மென்மையான சிறு பிரஷ்ஷால் கருப்பைவாயைத் தடவி மாதிரி எடுப்பார்கள். மாதிரி எடுப்பது ஓரிரு நிமிடங்களில் முடியும். சிலருக்கு வலிக்கும், அதை மறைக்கப்போவதில்லை. எனக்கு வலியைவிடக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது. பெண் நர்ஸ் வேண்டும், சிறிய ஸ்பெக்குலம் வேண்டும், துணைக்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். நேரம் குறிக்கும்போதே இது முதல் முறை என்றும் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நாள்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் இருந்து செல்களில் மாற்றம் இல்லையென்றால் ஓராண்டு கழித்து மீண்டும் அழைப்பார்கள். மாற்றம் இருந்தால் கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு அனுப்புவார்கள். மாதவிடாய்க்கு இடையிலோ உறவுக்குப் பிறகோ இரத்தம் கசிந்தால் மட்டும் இந்தச் சோதனைக்காகக் காத்திராமல் உடனே ஜிபியைப் பார்த்துவிடுங்கள்.