விஷமுறிவு ஊசி போட்ட பிறகும் மாட்டுக்கு வீக்கம் ஏறுவது ஏன்?

கேள்வி: வாடிப்பட்டி பக்கம் பெரியார் பாசனத்தில் நெல் வயல். முந்தாநாள் சாயங்காலம் வரப்பில் மேய்ந்த கறவை மாட்டை முன்னங்காலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. டாக்டர் வந்து விஷமுறிவு மருந்தை டிரிப்பில் ஏற்றினார். கடிவாயில் இரத்தம் கசிவது நின்றுவிட்டது. ஆனால் வீக்கம் இப்போது மார்புவரை வந்துவிட்டது, தொடவே விடமாட்டேன் என்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? வீக்கத்தைக் கீறிவிடச் சொல்கிறார்கள். வீட்டில் ஆளுக்கு வாங்கிய டைக்ளோபினாக் வலி ஊசி இருக்கிறது, போடலாமா?

பதில்: இரத்தக் கசிவு நின்றதே மருந்து வேலை செய்ததற்கு அடையாளம். வீக்கத்தை வைத்து அந்த மருந்தை எடை போடாதீர்கள்.

விரியன் விஷம் என்பது பல புரதங்களின் கலவை. அதில் ஹயலுரோனிடேஸ் சதைக்கு நடுவே இருக்கும் பசையைக் கரைத்து மற்றவற்றுக்கு வழி விடும். மெட்டலோபுரோட்டீனேஸ் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரை அரிக்கும். நீரும் இரத்தமும் சதைக்குள் கசிந்து கால் கருத்துப் புடைப்பது இதனால்தான். பாஸ்போலிபேஸ் ஏ2 செல்களின் மேலுறைக் கொழுப்பை வெட்டும். வெட்டுப்பட்ட கொழுப்பிலிருந்து மாட்டின் உடம்பே புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும். சூடும் வீக்கமும் கூடும், நரம்பு கூச்சம் எடுத்து லேசாகத் தொட்டாலும் வலிக்கும். இன்னொரு வகைப் புரதம் இரத்தத்திலிருந்து பிராடிகைனின் என்ற பொருளைப் பிரித்துவிடும். வலி நரம்பை நேரடியாகத் தூண்டுவது அது. (அந்தப் பொருள் இருப்பதே பிரேசில் நாட்டு விரியன் விஷத்தை வைத்து நடந்த ஆய்வில்தான் தெரிந்தது; ஆய்வு வெளியான ஆண்டு 1949.) கட்டுவிரியன் கடியில் இந்த ஆர்ப்பாட்டம் அநேகமாக இருக்காது. அதன் விஷம் நரம்பு, தசைச் சந்திப்பை முடக்குவது. வீக்கம் இல்லையே என்று அங்கே அசந்துவிடக் கூடாது.

விஷமுறிவு மருந்து குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரதம். சுற்றிவரும் விஷத்தைப் பிடித்துக் கட்டும், அவ்வளவுதான். சதையில் ஏற்கெனவே அறுந்த குழாயை அது ஒட்டாது. மாட்டின் உடம்பு ஆரம்பித்துவிட்ட அழற்சியையும் நிறுத்தாது. அதனால்தான் ஓரிரு நாள் வீக்கம் ஏறியே இறங்கும். குப்பிக் கணக்கும் மாட்டின் எடையைப் பார்த்து அல்ல, இறங்கிய விஷத்தைப் பார்த்துத்தான். கன்றுக்குட்டி என்பதால் மருந்தைக் குறைக்க மாட்டோம்.

மார்பில் வந்த வீக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் காலில் சேர்ந்த நீர் தாழ்வான இடத்துக்கு வடிந்திருக்கிறது, பயம் வேண்டாம். கல்லாகி, சூடாக, கருநீலமாக இருந்தால் அதன் எல்லையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டினாலோ, அழுத்தும்போது உள்ளே நறநறவென்று சத்தம் கேட்டாலோ உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள். நறநறப்பு என்றால் கிருமி புகுந்து சதைக்குள் காற்று சேர்கிறது.

கீறவே கூடாது. விரியன் விஷம் இரத்தத்தின் உறையும் சத்தையே தீர்த்துவிடும். கீறின இடம் நிற்காமல் ஒழுகும். இறுக்கிக் கட்டுவதும் கெடுதல்தான், விஷம் ஒரே இடத்தில் தேங்கிச் சதை அழுகும். உறையும் தன்மை திரும்பிவிட்டதா என்று அறிய, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்க்கச் சொல்லுங்கள். ஒழுகினால் இன்னும் மருந்து தேவை. பிளாஸ்டிக் குழாயும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் பொய் சொல்லும்.

டைக்ளோபினாக் வேண்டவே வேண்டாம். அதைப் போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால் 2006 முதல் மாட்டுக்குத் தடை செய்த மருந்து அது. அதற்குப் பதில் மெலாக்சிகாம், கிலோவுக்கு 0.5 மி.கி., அதாவது 300 கிலோ மாட்டுக்கு 150 மி.கி. ஆனால் கோமியத்தைப் பார்க்காமல் அதையும் போடக் கூடாது. சிவந்தோ காப்பி நிறத்திலோ வந்தால், அல்லது குறைந்தால், சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது. வலி மருந்து அதை மேலும் கெடுக்கும். புரோஸ்டாகிளாண்டினால் வரும் வலியைத்தான் மெலாக்சிகாம் தணிக்கும், பிராடிகைனின் தூண்டும் வலி மிஞ்சும். முழு சுகம் எதிர்பார்க்காதீர்கள்.

நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். வைக்கோல் மெத்தை போட்டு, தண்ணீரைத் தாராளமாக வையுங்கள். வாயில் எதையும் புகட்ட வேண்டாம், புரையேறும். ஒரு வாரத்துக்குள் கடிவாய்த் தோல் கருத்துக் கழன்றால் போவிடோன் அயோடின் கரைசலால் கழுவி, ஓரத்தில் வேப்பெண்ணெய் தடவுங்கள், ஈ முட்டையிடாது.

பாலைக் கறந்து கொட்டிவிடுங்கள். போட்ட ஊசிகளுக்கு எத்தனை நாள் என்று டாக்டர் சொல்கிறாரோ, அதற்குப் பிறகே சொசைட்டிக்கு ஊற்றலாம்.