இரண்டாவது எம்டன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரில் சென்னைமீது குண்டு போட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் பற்றித் தாங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். 1914 நவம்பரில் அந்தக் கப்பல் அழிந்தது, இரண்டு ஆண்டு கழித்து அதே பெயரில் இன்னொரு போர்க்கப்பலை ஜெர்மானியர்கள் ஓட்டினார்கள் என்ற வரி என்னை விடவே இல்லை. சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. விபத்தில் இறந்துபோன என் அப்பாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. அற்பாயுளில் போனவரின் பெயர் வேண்டாம் என்கிறாள் மனைவி. எனக்கோ, பெயரோடு அப்பாவின் துணிச்சலும் வரும் என்று நம்பிக்கை. அவருடைய விதியும் வந்துவிடுமோ என்று பயம். அழிந்த கப்பலின் பெயரைத் தாங்கிய கப்பலில் மாலுமிகள் எந்த மனதோடு ஏறினார்கள்? இன்னொன்று, எம்டனில் நம் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்ததைத் தாங்கள் ஏன் எழுதவில்லை?

க., தூத்துக்குடி

அன்புள்ள க.,

குழந்தைக்கு என் ஆசிகள். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்.

செண்பகராமன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் அந்தக் கப்பலில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, அதனால் எழுதவில்லை. எம்டன் சீனக் கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட கப்பல். பசிபிக் வழியாக வங்காள விரிகுடாவுக்கு வந்து, கோகோஸ் தீவுகளில் முடிந்துபோனது. போர் தொடங்கிய பிறகு ஐரோப்பாப் பக்கம் அது தலைவைத்தும் படுக்கவில்லை. அவரோ அப்போது ஐரோப்பாவில் இருந்தார். நீந்தியா போய் ஏறினார்? பெர்லினில் இந்தியப் புரட்சியாளர்களோடு சேர்ந்து அவர் செய்த வேலை உண்மையிலேயே பெரியது. அதைப் படிக்க நமக்குப் பொறுமை இல்லை. சென்னைக்குக் குண்டு போட்ட கப்பலின் மேல்தளத்தில் அவரை நிறுத்திப் பார்த்தால்தான் புல்லரிக்கிறது. இந்தக் கேள்வியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்.

சென்னைக் கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1914 செப்டம்பர் 22 இரவு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, போய்ப் பாருங்கள். நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் பீரங்கிகளுக்கு முன் எம்டன் நிற்க முடியாமல் போனது. கப்பல் கடலில் மூழ்கக்கூட இல்லை. பிழைத்தவர்களைக் காப்பாற்றுவதற்காக கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் அதைப் பவளப் பாறைமேல் ஏற்றி நிறுத்தினார். நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோயிருந்தார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு அடுத்த கப்பல். கொஞ்ச நாளாகவே அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் எம்டன் பற்றிப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரண்டாவதைப் பற்றிப் பேச ஆளில்லை. நீங்களும் “இன்னொரு போர்க்கப்பல்” என்று எழுதித் தாண்டிப் போய்விட்டீர்கள்.

அது 1916 டிசம்பரில் பணிக்கு வந்தது. முதல் எம்டனுக்கு ஜெர்மானியப் பேரரசர் கெய்சர் அளித்த இரும்புச் சிலுவை என்ற வீரப் பதக்கத்தைப் பெரிதாகச் செய்து இதன் முகப்பில் பொருத்தினார்கள். அதுவரை ஒரு குண்டுகூடச் சுடாத கப்பல், பிறக்கும்போதே நெற்றியில் வேறொருவரின் பதக்கத்தோடு பிறந்தது. அது இந்தியப் பெருங்கடலில் தனியாக வேட்டையாடவில்லை. அதன் கேப்டனைப் பாராட்டி எதிரி நாட்டுப் பத்திரிகைகள் எழுதவில்லை. வட கடலிலும் பால்டிக்கிலும் டார்பிடோ படகுகளுக்குத் தலைமைக் கப்பலாக இருந்து, கொடுத்த வேலையைச் செய்தது. 1918இல் போர்நிறுத்தம் வந்தது. ஜெர்மானியக் கடற்படையின் எழுபத்து நான்கு கப்பல்களை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காபா ஃப்ளோ என்னும் கடல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இதுவும் அவற்றில் ஒன்று.

அங்கே நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மாலுமிகள் கரையில் கால் வைக்க அனுமதி இல்லை. சாப்பாடு ஜெர்மனியிலிருந்து வர வேண்டும், அது சகிக்காது; கப்பல் ஓரத்தில் உட்கார்ந்து மீன் பிடித்துத் தின்றார்கள். ஒழுங்கு குலைந்தது. தளபதி அட்மிரல் லுட்விக் ஃபொன் ராய்ட்டர் இருந்தது ஃபிரெட்ரிக் தெர் கிராஸெ என்ற பெரிய போர்க்கப்பலில். அதில் கலகக்கார மாலுமிகள் இரவெல்லாம் அவருடைய அறைக்கு நேர் மேலே தளத்தில் திம் திம்மென்று குதித்து அவரைத் தூங்கவிடாமல் செய்தார்கள். 1919 மார்ச்சில் அவர் பொறுக்க முடியாமல் இடம் மாறினார். எங்கே? எம்டனுக்கு. அத்தனை கப்பல்களில் அவர் நம்பிப் போனது அதற்குத்தான். இரண்டாவது எம்டனின் சாதனை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: ஒரு மனிதனுக்கு ராத்தூக்கம் கொடுத்தது.

ஜூன் 21 காலை, காவலுக்கு நின்ற பிரிட்டிஷ் கப்பல்கள் பயிற்சிக்காக வெளியே போயிருந்தன. எல்லாக் கப்பல்களையும் அவரவரே மூழ்கடித்துவிடலாம் என்ற சமிக்ஞையை ராய்ட்டர் எம்டனிலிருந்து கொடுத்தார். ஐம்பத்திரண்டு கப்பல்கள் அடியில் போயின. எம்டன் போகவில்லை. பிரிட்டிஷார் அதைத் தரைதட்ட வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். பிறகு பிரான்சின் பங்குக்குப் போனது. அவர்கள் அதன்மேல் வெடிமருந்து வைத்துப் பரிசோதனை செய்துவிட்டு 1926இல் உடைத்துப் போட்டார்கள். அண்ணன் பாறைமேல் ஏறியதற்குப் பாட்டும் பதக்கமும். தம்பியும் கரையேற்றப்பட்டான், கேட்க நாதியில்லை.

எனக்கு இந்தத் தம்பி மீது ஏன் இவ்வளவு பாசம் என்று கேட்கலாம். நானும் இரண்டாவது ஆள்தான். என் பெயர் தாத்தாவின் பெயர். ஊரில் அவர் பெரிய மனிதர், நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். ஆச்சி புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அம்மா மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். ஆக, ஊரைக் கூட்டித் தொட்டிலில் போட்டு வைத்த பெயரை வீட்டில் ஒருவரும் கூப்பிடவில்லை. ஆச்சிக்கு நான் ‘ஐயா’. அடிப்பதாக இருந்தாலும் மரியாதை குறையாது. உறியில் இருந்த தயிர்ச் சட்டியை நான் உடைத்த அன்று, கையில் விளக்குமாற்றோடு முற்றத்தில் நின்றுகொண்டு, “ஐயா, இப்படிக் கிட்ட வாருங்கள், முதுகில் இரண்டு வைக்கிறேன்” என்றாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது வாத்தியார் என் பெயரை உரக்க வாசித்தார். நான் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தாவின் சாமர்த்தியத்தில் அரைக்கால் பங்கு எனக்கு வரவில்லை. காசு விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்பதை என் மனைவியிடம் கேளுங்கள். ஆனால் ஊருக்குப் போகும்போது “இன்னார் பேரன்” என்று திண்ணையில் இடம் ஒதுக்கித் தருவார்கள். அந்தத் திண்ணையில் உட்காரக் கூசியபடியே பாதி வயதைக் கழித்திருக்கிறேன்.

ஆகவே பெயரோடு துணிச்சல் வரும் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பால்குடிப் பிள்ளையின் முகப்பில் இப்போதே இரும்புச் சிலுவையைப் பொருத்தப் பார்க்கிறீர்கள். பெயரை வையுங்கள், வைக்காமல் போங்கள், அது உங்கள் வீட்டு விஷயம். “அப்பா மாதிரி வருவான்” என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லாதீர்கள். உங்கள் மனைவி பயப்படுவது மூடநம்பிக்கை என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் ஆசையும் அதே மரத்தில் பழுத்ததுதான்.

குணம் வரும் என்பவர்கள் மூன்றாவது எம்டனைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி கட்டிய முதல் பெரிய போர்க்கப்பல் அது, 1925இல் பணிக்கு வந்தது. முல்லர் எப்படிப்பட்டவர்? கபிங்கா என்ற சரக்குக் கப்பலைப் பிடித்தபோது அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் உள்ளே இருக்கிறார்கள் என்று அதை மூழ்கடிக்காமல் விட்டவர். அந்தப் பெயருள்ள கப்பலுக்கு 1934இல் கேப்டனாக வந்தவர் கார்ல் டோனிட்ஸ். பின்னால் நீர்மூழ்கிப் படையை நடத்தி, கடைசியில் ஹிட்லருக்கு வாரிசாக அறிவிக்கப்பட்டவர். 1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கியபோது, ஜெர்மனியின் பழைய குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் சவப்பெட்டியையும் அவர் மனைவியின் சவப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கோனிக்ஸ்பர்க் துறைமுகத்தை விட்டு ஓடியது இதே எம்டன்தான். அந்த ஆண்டு மே மாதம் கீல் அருகே அதை அவர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

விதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஜாதகக்காரர்கள் சப்புக்கொட்டும் கதை ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். போர் தொடங்கியதும் எம்டன் முதலில் பிடித்தது ரியாசான் என்ற ரஷ்யக் கப்பலை. அதைச் சிங்தாவுக்குக் கொண்டுபோய், கொர்மொரான் என்ற ஓட்டை உடைசல் படகின் பீரங்கிகளைக் கழற்றி மாட்டி, அந்தப் படகின் பெயரையே வைத்தார்கள். 1941இல் வேறொரு ஜெர்மானியக் கொர்மொரான் ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே குரூசர் வகைப் போர்க்கப்பல் ஒன்றோடு போரிட்டது. அந்தக் குரூசரின் பெயர் சிட்னி, முதல் எம்டனை முடித்த சிட்னிக்கு அடுத்தது. அதிலிருந்த 645 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பழிக்குப் பழி என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். ஆஸ்திரேலியர்கள் அதற்குப் பிறகும் சிட்னி, சிட்னி என்றே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இப்போது ஓடுவது ஐந்தாவது. அதில் ஏறுகிறவர்களும் சம்பளம், விடுமுறை, கல்யாணம் என்று நம்மைப்போல யோசிக்கிறவர்கள்தான்.

மாலுமிகளின் மனநிலை பற்றி உருப்படியாக ஒரு விஷயம் சொல்ல முடியும். முதல் எம்டனில் உயிர்பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்பதைச் சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் அனுமதி கொடுத்தார்கள். அது அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தொடரும். பெயர் தலைமேல் விழுந்தால் எப்படியிருக்கும் என்று அறிய, இரண்டாவது கப்பலின் மாலுமிகளைவிட அந்தப் பிள்ளைகளைத்தான் நான் சந்திக்க ஆசைப்படுகிறேன்.

நான்காவது எம்டன் 1961இல் வந்த ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல். எந்தப் போரையும் பார்க்காமல் இருபத்திரண்டு ஆண்டு ஓடியது. 1983இல் அதைத் துருக்கிக்குக் கொடுத்தார்கள். துருக்கியர்கள் அதற்குக் கெம்லிக் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஐந்தாவது எம்டன் பணிக்கு வந்துவிட்டது. கப்பல் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயரை மட்டும் உருவி அடுத்ததற்குச் சூட்டியாயிற்று. கெம்லிக்கில் பழைய எஞ்சின், பழைய கதவு, பழைய படுக்கை. எம்டனில் எல்லாம் புதிது, பெயர் மட்டும் பழையது. இரண்டில் எது எம்டன்? இதைப் பற்றி யோசித்து எழுதுங்கள். செண்பகராமனை நடுவில் கொண்டுவராமல் எழுதினால் பதில் போடுவேன்.