உவர் வயலுக்கு ஜிப்சம் எதற்கு?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் ஒன்றரை ஏக்கர். சம்பா நட்டு 15 நாள் ஆகிறது. வயலில் தண்ணீர் நிற்கும்போதே இலை நுனி கருகுகிறது. மண்வள அட்டையில் பி.எச். (கார அமில நிலை) 7.8, இ.சி. (கரைந்த உப்பின் அளவு) 3.1. உரக்கடையில் ஜிப்சம் 20 மூட்டையும், ‘உப்பை முறிக்கும்’ பாட்டில் மருந்தும் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

மண்ணில் உப்பு ஏறினால், தண்ணீருக்குள் நின்றாலும் வேரால் அதை எளிதில் இழுக்க முடியாது. வறட்சியில் வாடுவது போலத்தான். இழுத்த தண்ணீரோடு ஏறும், உப்பிலுள்ள சோடியத்தைப் பயிர் பழைய இலைகளில் தள்ளிவிட்டுக் குருத்தைக் காப்பாற்றப் பார்க்கும். கீழ் இலை முதலில் காய்வது அதனால்தான்.

ஜிப்சம் களர் நிலத்துக்கான, அதாவது களியில் சோடியம் ஒட்டிப்போன மண்ணுக்கான மருந்து. களிமண்ணில் ஒட்டிய சோடியத்தைக் கால்சியம் பெயர்த்துவிடும். களர் என்றால் பி.எச். பெரும்பாலும் 8.5-க்கு மேல் இருக்கும். உங்களுடையது உவர், அதாவது கரையும் உப்பு ஏறிய மண். உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வைத்தியம். பாட்டில்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முறிந்த உப்பு எங்கே போகும்? கரைந்து வாய்க்கால் வழியே வெளியேறாத உப்பு வயலில்தான் கிடக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர் இதைச் சொல்லமாட்டார்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதைப் பொறுமையாகப் படியுங்கள். உவரும் களரும் கலந்த மண்ணில், உப்பு இருக்கும்வரை பி.எச். 8.5-க்குள்ளேயே காட்டும், களர் ஒளிந்திருக்கும். அதில் ஜிப்சம் போடாமல் வெறும் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் களி கரைந்து மண் இறுகிவிடும், பிறகு தண்ணீரே இறங்காது. அங்கே முதலில் ஜிப்சம், பிறகுதான் தண்ணீர். கண்டுபிடிக்க, களியில் ஒட்டிய சோடியம் எத்தனை சதவீதம் என்று தெரியவேண்டும்; 15-ஐத் தாண்டினால் களர். அட்டையில் 12 விவரம் அச்சடிக்கிறார்கள், இது மட்டும் இல்லை! கடலோரத்துக்கும் மலையடிவாரத்துக்கும் ஒரே படிவம். ஆய்வுக்கூடத்தில் இதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதுவரை, காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைத்தண்ணீர் டம்ளரில் கலக்காமல் போட்டுவையுங்கள். மறுநாளும் தண்ணீர் பால்போலக் கலங்கியே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தெளிந்துவிட்டால், நிற்கும் தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் கட்டுங்கள், வயலைக் காயவிடாதீர்கள். வடகிழக்கு மழையை வரப்பு உயர்த்திப் பிடித்து, இரண்டு மூன்று நாள் நிறுத்தி வடியுங்கள். அடுத்த சம்பாவுக்கு கோ 43 மாதிரி உப்பு தாங்கும் ரகம் எடுத்து, 30 நாள் நாற்றாக நடுங்கள். போர்த் தண்ணீரை மட்டும் சோதிக்காமல் பாய்ச்சாதீர்கள். அதுவே உப்பாக இருந்தால் வடித்ததெல்லாம் வீண்.