ஒற்றை ஆளாகச் சட்டமன்றத்துக்குப் போய் என்ன செய்ய முடியும்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். புரட்டாசி சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும் ஒருவர் எழுந்து பேசினார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 2029இல் குவாசுலு-நட்டால் மாகாணச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கப்போகிறாராம். டெண்டர் ஊழலை ஒழிப்பேன், கரண்ட் பில்லைக் குறைப்பேன், போலீஸைச் சரிப்படுத்துவேன் என்றார். ஆதரவுக் கையெழுத்தும் நன்கொடையும் கேட்கிறார். கட்சி இல்லாதவருக்குப் போடும் ஓட்டு வீண் என்கிறார் என் வீட்டுக்காரர். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அக்கா, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. அதை முதலில் பார்த்துவிடலாம்.

தேசிய, மாகாணத் தேர்தல்களில் சுயேச்சைகள் நிற்கவே முடியாது என்றுதான் நம் நாட்டில் வெகுகாலம் இருந்தது. 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது. பிறகு சட்டம் திருத்தப்பட்டு, 2024 மே 29 தேர்தலில் முதல்முறையாகச் சுயேச்சைகள் நின்றார்கள். நாடாளுமன்றத்துக்கோ ஒன்பது மாகாணங்களில் எதற்குமோ ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. நம் மாகாணத்தில் 80 இடங்கள். அந்தத் தேர்தலின் கணக்குப்படி ஒரு இடத்துக்குச் சராசரியாக 40,000க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. கோயில் மண்டபத்தில் கைதட்டியவர்களை வைத்து அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எல்லாப் பக்கமும், ஜூலு பேசும் ஊர்களிலும், அவர் நடந்தாக வேண்டும்.

மற்ற பாதியையும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 2024இல் எம்.கே. கட்சி 37 இடங்களைப் பிடித்தும் ஆட்சி அமைக்க முடியவில்லை. ஐ.எஃப்.பி. 15, ஏ.என்.சி. 14, டி.ஏ. 11, என்.எஃப்.பி. 1 என்று நான்கு கட்சிகள் சேர்ந்து 41 ஆனது. அந்தக் கடைசி ஒற்றை உறுப்பினர் எம்.கே.வோடும் மீதியுள்ள இருவரோடும் சேர்ந்திருந்தால் 40க்கு 40. எனவே ஒற்றை ஆள் என்று ஒதுக்கிவிட முடியாது. மாகாண முதல்வரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, இந்த 80 பேர்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் உங்கள் வேட்பாளரிடம் நேராகவே கேளுங்கள்: முதல் நாள் கூட்டத்தில் யாருக்கு, எதைப் பார்த்து வாக்களிப்பீர்கள்? "அப்போது பார்க்கலாம்" என்றால், உங்கள் ஓட்டின் மிகப் பெரிய பயனை அவர் இன்னும் யோசித்தே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சரி, வாக்குறுதிகளுக்கு வருவோம். கரண்ட் பில் டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சி விவகாரம், விலைக்கு ஒப்புதல் தருவது தேசிய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான நெர்சா. சட்டமன்ற உறுப்பினருக்கு அதில் கை இல்லை. போலீஸ் மத்திய அமைச்சரின் கீழ் வருகிறது. மாகாணம் கண்காணிக்கலாம், விசாரிக்கலாம், உத்தரவு போட முடியாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாகாணச் சாலைகள், இவைதான் மாகாணத்தின் கையில் இருப்பவை. பட்ஜெட்டின் பெரும்பகுதியும் படிப்புக்கும் சுகாதாரத்துக்கும்தான் போகிறது. டெண்டர் என்றால் அவர் பேச வேண்டியது அங்கேதான்.

அங்கேயும் டெண்டரில் கையெழுத்திடுவது உறுப்பினர் இல்லை. 1999இன் பொது நிதி மேலாண்மைச் சட்டப்படி பொறுப்பு துறைத் தலைவருடையது. உறுப்பினருக்கு உள்ளது கேள்வி கேட்கும் அதிகாரம். சின்னது என்று நினைக்க வேண்டாம். யாரையும் வரவழைத்துச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் சாட்சி சொல்லவைக்கச் சட்டமன்றக் குழுக்களுக்கு அரசியலமைப்பின் 115ஆம் பிரிவு இடம் தருகிறது. நான் பல ஆண்டுகள் அரசுக் கணக்குத் தணிக்கையில் இருந்தவன், இந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அதிகாரிகள் எழுதி வைத்த பதிலை வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். அறிக்கையின் பின்னிணைப்பை வீட்டிலேயே படித்துவிட்டு வந்த ஒரே ஒருவர், "இந்தக் காவலாளி ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருஷமாகிறதே, மாதாமாதம் யார் நீட்டுகிறார்கள்?" என்று கேட்டால் அறையே மாறிவிடும். அப்படி ஒருவர் எல்லா நாளும் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

பபிதா தியோகரன் என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கௌட்டெங் மாகாணச் சுகாதாரத் துறையின் மூத்த நிதி அதிகாரி. டெம்பிசா ஆஸ்பத்திரியில் சந்தேகத்துக்குரிய பணப்பட்டுவாடாவைக் கண்டுபிடித்துத் தடுக்கப் பார்த்தார். 2021 ஆகஸ்ட் 23 அன்று தன் வீட்டுக்கு வெளியே சுட்டுக்கொல்லப்பட்டார். சீர்திருத்தம் பேசும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, இப்படித் தகவல் தரும் ஊழியரைக் காக்க என்ன செய்வீர்கள் என்பதைத்தான். நம் மாகாணத்தில் ஒரு குமாஸ்தா கோப்போடு வந்து நின்றால் அவருடைய பெயரை எப்படி மறைப்பார், எந்த வக்கீலிடம் அனுப்புவார் என்பதையெல்லாம் தலைமை ஆசிரியர் இப்போதே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், பதவி இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய உண்டு. 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில் எந்தக் குடிமகனும் ஒப்பந்த நகலைக் கேட்கலாம், 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடக்கும் சட்டமன்றக் குழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அவர் எத்தனை விண்ணப்பம் போட்டார், எந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார் என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அவரை விரட்ட வேண்டாம். 2029க்கு நேரம் இருக்கிறது, இப்போதிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். ஒரு வருஷம் கழித்து என்ன கிடைத்தது என்று அதே மண்டபத்தில் வந்து சொல்லட்டும்.

கையெழுத்து விஷயம் எளிது. நீங்கள் கையெழுத்திட்டால் அவருக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2024இல் புதிதாக நின்ற சுயேச்சைகளுக்கு 1,000 கையெழுத்து தேவைப்பட்டது, மாகாணச் சுயேச்சைக்கு டெபாசிட் தொகை 15,000 ரேண்ட். அடுத்த தேர்தலுக்கான விதியைத் தேர்தல் ஆணையம் அறிவித்த பிறகு, அவர்கள் தரும் படிவத்தில் மட்டும் கையெழுத்திடுங்கள். வெறும் நோட்டுப் புத்தகத்தில் உங்கள் ஐ.டி. நம்பரை எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த நம்பரை வைத்து யார் என்ன செய்வார்கள் என்பது உங்கள் கையில் இருக்காது.

நன்கொடையை ரொக்கமாகத் தர வேண்டாம். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா, ரசீது தருவாரா என்று கேளுங்கள். பெரிய நன்கொடைகளை வெளியிட வேண்டும் என்ற சட்டம் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2024 திருத்தத்துக்குப் பிறகு சுயேச்சைகளும் அதற்குள் வருகிறார்கள். சட்டம் கேட்கும் அளவுக்குக் கீழே இருந்தாலும், யார் எவ்வளவு தந்தார்கள் என்று மண்டபத்துச் சுவரில் ஒட்டிவைக்க அவர் சம்மதித்தால் நான் சந்தோஷப்படுவேன். நம் பக்கத்து ஒப்பந்தக்காரர்கள் யாரும் அதில் இருக்கிறார்களா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் கையெழுத்து செல்லுபடியாக வேண்டுமானால் நீங்கள் இந்த மாகாணத்தின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். எப்போதாவது வேறு மாகாணத்தில் இருந்தபோது முகவரியை அங்கே மாற்றியிருந்தால், முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.