‘படம் பார்ப்பது போல இருக்கிறது’

கேள்வி: மூன்று ஆண்டுகளாகச் சிறுகதை எழுதுகிறேன். படித்த நண்பர்கள் எல்லாரும் ‘படம் பார்ப்பது போல இருக்கிறது’ என்கிறார்கள். நீங்களோ இரண்டு கதைகளையும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். சினிமாவிடமிருந்து எழுத்தாளன் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது உங்கள் கட்சியா? மூன்றாவது கதையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: நிறைய இருக்கிறது. நீங்கள் கற்றுக்கொண்டு வந்தது வேறு.

நண்பர்கள் அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். படம் பார்க்க வேண்டுமென்றால் படத்தையே பார்த்துவிடலாம், எட்டுப் பக்கம் எதற்குப் படிக்க வேண்டும்? உங்கள் முதல் கதை அலாரம் அடிப்பதில் தொடங்கியது. நாயகன் எழுந்தான், முகம் கழுவினான், கண்ணாடி முன் நின்றான். மீசை வந்தது, சட்டையின் நிறம் வந்தது. மூன்றாம் பக்கம் வரை கதை வரவில்லை. இரண்டாவது கதையில் நாயகி அழும்போதெல்லாம் மழை பெய்தது. எண்ணிப் பார்த்தேன், நான்கு முறை. சினிமாவில் அது பின்னணி இசையின் வேலை. கையில் வயலின் இல்லாததால் மழையை வைத்து வாசித்திருக்கிறீர்கள்.

கேமராவுக்கு ஒரு கட்டாயம் உண்டு. அதன் முன் ஓர் ஆள் வந்து நின்றால் அவன் சட்டைக்கு ஒரு நிறம் இருந்தே தீரும். பின்னால் சுவர் இருந்தால் அதன் விரிசலும் சேர்ந்து விழும். எழுத்துக்கு அந்தத் தலைவலி கிடையாது. ‘அவர் வந்து உட்கார்ந்தார்’ என்று எழுதிவிட்டு, நாற்காலியிலா தரையிலா என்று சொல்லாமலே மேலே போகலாம். நீங்கள் இந்தச் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு அந்தக் கட்டாயத்தை வாங்கி வந்திருக்கிறீர்கள். நஷ்ட வியாபாரம்.

சரி, எதைத்தான் வாங்குவது? என்னைக் கேட்டால் கேமரா பக்கமே போக வேண்டாம், எடிட்டிங் அறைக்குப் போங்கள்.

வியட்நாம் போரைப் பற்றிய ‘அபோகலிப்ஸ் நௌ’ என்ற அமெரிக்கப் படத்தின் எடிட்டர்களில் ஒருவர் வால்டர் மர்ச். அந்தப் படத்துக்காக எடுத்த காட்சிகள் 230 மணி நேரத்துக்கும் மேல் ஓடுமாம். திரைக்கு வந்தது இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. நாம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், பார்க்காத 95 நிமிடங்கள் இருந்தன என்று அவரே கணக்குச் சொல்கிறார். எல்லாப் படமும் அப்படியல்ல, இது மிகையான உதாரணம்தான். ஆனால் கழித்துக்கட்டிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் நடிகர்களும் விளக்குகளும் பணமும் செலவாகியிருக்கின்றன. நாம் வெட்டுவது வெறும் மை. அதற்கே கை நடுங்குகிறது.

இதே மர்ச், ஒரு ஷாட்டை எங்கே வெட்டுவது என்பதற்கு ஆறு அளவுகோல் வைத்து மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதை நகர்வுக்கு 23. அறைக்குள் யார் எங்கே நின்றார், எங்கே நகர்ந்தார் என்ற இடக்கணக்குக்கு வெறும் 4. உங்கள் கதைகளில் இது தலைகீழ். கதவைத் திறந்தான், படி இறங்கினான், வண்டியை எடுத்தான், போய்ச் சேர்ந்தான், அழைப்புமணி அடித்தான். உணர்ச்சி வாசலிலேயே காத்துக்கிடக்கிறது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு படத்தை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். எத்தனை காட்சிகள் ஆள் வந்து உட்கார்ந்த பிறகு தொடங்குகின்றன, எத்தனை காட்சிகள் அவர் எழுந்திருக்கும் முன்பே முடிகின்றன என்று எண்ணுங்கள். நான் மழையை எண்ணினேனே, அதே மாதிரி.

அப்புறம் குலெஷோவ். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாஸ்கோவில் லெவ் குலெஷோவ் என்ற ரஷ்யத் திரைப்பட இயக்குநர் ஒரு சோதனை செய்தார். மோஷுகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதே முகத்துக்குப் பக்கத்தில் ஒரு முறை சூப் கிண்ணம், இன்னொரு முறை சவப்பெட்டி, மற்றொரு முறை விளையாடும் குழந்தை. பார்த்தவர்கள் அவருடைய நடிப்பைப் புகழ்ந்து தள்ளினார்கள் என்று குலெஷோவின் மாணவர் புடோவ்கின் எழுதியிருக்கிறார். சூப்பை மறந்து எப்படி யோசனையில் ஆழ்கிறார், துக்கத்தை எப்படிக் காட்டுகிறார் என்று! முகம் எதையுமே காட்டவில்லை. இரண்டு துண்டுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் பார்த்தவர்களே நடித்துக்கொண்டார்கள். நீங்கள் அந்த இடைவெளியில் ‘அவள் இதயம் சுக்குநூறாக உடைந்தது’ என்று எழுதி அடைத்துவிடுகிறீர்கள். வாசகனுக்கு நிற்க இடமில்லை.

இதைக் கற்க மாஸ்கோவுக்குப் போக வேண்டும் என்றுகூட இல்லை. குறுந்தொகையின் 25-ஆம் பாட்டு, கபிலர் பாடியது. அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிறாள் தலைவி. அவன் என்னைக் கூடிய அன்று வேறு யாரும் இல்லை, ஒரு குருகு இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற மெலிந்த பசுங்கால்கள், ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இருந்த ஒரே சாட்சிக்கும் கவனம் மீனில். ஐந்தே வரி. பயம் என்ற சொல்லே இல்லாமல் பறவையின் காலுக்கு ஒரு குளோசப்.

இரவல் யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதும் அவ்வளவு நேரானதல்ல. 1908-இல் கிரிஃபித் என்ற அமெரிக்க இயக்குநர் ஒரு படத்தில், காத்திருக்கும் மனைவியைக் காட்டிவிட்டுச் சட்டென்று தொலைதூரத் தீவில் தவிக்கும் கணவனைக் காட்டினார். இப்படித் தாவினால் யாருக்குப் புரியும் என்று படக் கம்பெனியில் கேட்டார்களாம். ‘டிக்கன்ஸ் இப்படித்தானே எழுதுகிறார்?’ என்று ஆங்கில நாவலாசிரியரைக் காட்டினாராம் கிரிஃபித். அவர் மனைவி எழுதிவைத்த தகவல் இது. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் இதை வைத்து நீண்ட கட்டுரையே எழுதினார். நாவலாசிரியர் கொடுத்த கடனைத்தான் நாம் இப்போது வட்டியோடு திரும்பக் கேட்கிறோம்.

ஒன்றை மட்டும் சினிமாவிடம் கேட்காதீர்கள். ‘அதற்குப் பிறகு இருபது வருஷம் அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.’ இந்த ஒரு வரியைப் படமாக்க முடி நரைக்க வேண்டும், நாட்காட்டித் தாள்கள் பறக்க வேண்டும், அப்போதும் பேசாமை வராது. இப்படிப்பட்ட வரி உங்களுடைய மூன்று கதைகளிலும் ஒன்றுகூட இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

இப்போது மூன்றாவது கதை. மற்ற இரண்டையும்விட நன்றாக வந்திருக்கிறது. மகள் அப்பாவின் கடிதத்தைப் படிக்கிறாள், கடிதம் வந்து சேருமுன் அவர் இறந்துவிட்டார் என்பதைக் கடைசி வரியில் சொல்கிறீர்கள். இந்தத் திருப்பத்துக்காக ஆறு பக்கம் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். திகில் படங்களுக்குப் பேர்போன ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த பேட்டியில் ஒரு வெடிகுண்டு உதாரணம் சொன்னார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவனுக்குத் தெரியாமல் வெடித்தால், பதினைந்து விநாடி அதிர்ச்சி. தெரிந்துவிட்டால், மேசையில் நடக்கும் சாதாரணப் பேச்சுகூடப் பதினைந்து நிமிடம் தாங்க முடியாததாகிவிடும். உங்கள் குண்டை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். அவர் இல்லை என்று எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால், ‘அடுத்த வாரம் வருகிறேன், அந்தக் குடையை எடுத்து வை’ என்ற வரியை நான் அவ்வளவு சுலபமாகக் கடந்திருக்க மாட்டேன்.

அவள் கடிதத்தை மடித்து வைக்கிறாள். குடை எங்கே என்று தேடுகிறாள். அங்கே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வரும் பதினொரு வரிகளைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன், பிரதி தபாலில் வருகிறது. குடை இருக்கிறதே என்று மழையைக் கொண்டுவந்துவிடாதீர்கள்.