போக்ஸ் கம்பி ஏன் அறுகிறது? சைக்கிள் சக்கரம் பற்றிய கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடமாகச் சக்கரம் கோர்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் கம்பியும் கோட்டமும், அதாவது சுற்றும்போது ரிம் பக்கவாட்டில் ஒதுங்குவதும் மட்டும் பேசுவோம். செயின், பெல், சீட் எல்லாம் இன்னொரு நாள்.

கேள்வி: அண்ணா, என் கியர் சைக்கிளில் பின் சக்கரத்தில் பல்சக்கரம் உள்ள பக்கம் ஒரு கம்பி, ஹப்பை (சக்கரத்தின் நடு உருளை) ஒட்டிய வளைவிலேயே அறுந்துவிட்டது. நானே மாற்றலாமா?

மாற்றலாம். நீளத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். அறுந்த இரண்டு துண்டையும் கடைக்கு எடுத்துப் போங்கள். வளைவின் உட்புறத்திலிருந்து திருகு மறை முடியும் நுனி வரைதான் அளவு. பின் சக்கரத்தில் இடப்பக்கக் கம்பியும் வலப்பக்கக் கம்பியும் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது. அதனால் எதிர்ப்பக்கக் கம்பியை மாதிரிக்குக் காட்டாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றி டயர், டியூப், ரிம் டேப்பை எடுத்துவிடுங்கள். பல்சக்கரம் மறைப்பதால் ஹப் ஓட்டையில் கம்பி நுழையாது, அதையும் கழற்ற வேண்டும். மறை போட்ட ஃப்ரீவீல் என்றால் அதற்குப் பொருந்தும் ரிமூவரை வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன் மேல் வைத்து, மேலிருந்து பார்க்க இடப்பக்கமாகச் சக்கரத்தையே திருப்புங்கள். சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டாம், பல் போய்விடும்.

அடுத்து கோர்ப்பது. ஹப்பில் ஒரு கம்பியின் தலை வெளியே பார்த்தால் அடுத்ததன் தலை உள்ளே பார்க்கும். பக்கத்துத் தலைகளைப் பார்த்து எந்தப் பக்கத்திலிருந்து நுழைப்பது என்று முடிவு செய்யுங்கள். ரிம்மில் அறுந்த கம்பியிலிருந்து நான்காவது கம்பி எதற்கு மேலே, எதற்குக் கீழே போகிறதோ, புதுக் கம்பியும் அப்படியே போகட்டும். நுழைக்கும்போது வில் மாதிரி லேசாக வளைக்கலாம், மடங்கிவிடக் கூடாது.

ரிம்மில் கம்பி நுனியைப் பிடிக்கிற சின்ன நட்டுதான் நிப்பிள். அதை டயர் பக்கத்திலிருந்து பார்க்க வலப்பக்கம் திருப்பினால் இறுகும். முதலில் புதுக் கம்பியை மட்டும் இறுக்குங்கள். விரலால் சுண்டிப் பாருங்கள், அதே பக்கத்துக் கம்பிகளின் ஓசைக்குக் கிட்ட வர வேண்டும். பாதிக் கோட்டம் அதிலேயே போய்விடும். மீதிக்கு பிரேக் கட்டையை அளவாக வைத்துச் சுற்றிப் பாருங்கள். ரிம் வலப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் இடக்கம்பியை இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். கால் சுற்று, பிறகு சுற்றிப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டு முழுச் சுற்று திருப்பி எட்டுப் போல் முறுக்கிய ரிம்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

கேள்வி: ஒரு கம்பி இல்லாமல் ஓட்டலாமா?

36 கம்பிச் சக்கரம் என்றால் மெதுவாக வீடு வரை வரலாம். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள். ரிம் பிரேக் கட்டையில் உரசினால் அந்த பிரேக்கைத் தளர்த்தி, மற்ற பிரேக்கை நம்பி வாருங்கள். நாளைக்கும் அப்படியே ஓட்டாதீர்கள்.

கேள்வி: 28 இன்ச் சைக்கிள், பின்னால் இரண்டு பால் கேன். இந்த மாதம் மூன்றாவது கம்பி அறுந்திருக்கிறது, எல்லாம் ஒரே பக்கம். ரொம்ப இறுக்கிவிட்டதால்தான் அறுகிறது, தளர்த்தி ஓட்டுங்கள் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக்.

தளர்த்தாதீர்கள் ஐயா. கம்பி பெரும்பாலும் தொய்வால்தான் அறுகிறது. உங்கள் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் தரைப் பக்கம் வரும்போது ஒரு தடவை தளர்ந்து, மேலே போகும்போது மீண்டும் இறுகும். நல்ல இழுப்பில் உள்ள கம்பி ஹப்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். தொய்ந்த கம்பி வளைவில் ஆடி ஆடி, கையால் முன்னும் பின்னும் மடக்கி ஒடிக்கிற கம்பி போலவே ஒடியும். மூன்று போய்விட்டது என்றால் அந்தப் பக்கத்து மற்றவையும் களைத்தவைதான். பின் சக்கரத்தில் 40 கம்பி இருந்தால் அந்தப் பக்கத்து 20ஐயும் மாற்றிவிடுங்கள். சுமைக்குத் தடித்த 13 கேஜ் கம்பி நல்லது, ஹப் ஓட்டையும் நிப்பிளும் அதற்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் கேட்கிறேன். கீழே வரும்போது கம்பி தளர்கிறது என்கிறீர்கள். அப்படியானால் சுமை மேல் கம்பிகளில்தானே தொங்குகிறது? கம்பியால் இழுக்கத்தான் முடியும், தாங்க முடியாதே.

சார், நல்ல கேள்வி. மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கீழ் ஆரக்கால் மரம், அதன் மேல் சுமை நிற்கிறது. சைக்கிளில் எல்லாக் கம்பியும் முன்கூட்டியே இழுபட்டிருக்கிறது. சுமை ஏறினால் கீழே உள்ள சில கம்பிகளின் இழுப்பு நன்றாகக் குறைகிறது. மேலே உள்ளவற்றில் மாற்றம் மிகக் கொஞ்சம். ஹப்பை மேலே இழுப்பது கீழே இழுப்பதைவிட அதிகம் என்ற உங்கள் கணக்கு சரி. ஆனால் அந்த வித்தியாசம் கீழே குறைந்ததால் வந்தது. கம்பியை அறுக்கிற காரணம் அந்தக் குறைவில்தான் இருக்கிறது, அதனால்தான் நான் விடாமல் சொல்கிறேன்.

கேள்வி: நானும் ஆசிரியர் கட்சிதான். தொங்குகிறது என்பதே சரி.

வார்த்தையை விட்டுவிடுவோம், செய்து பாருங்கள். சைக்கிளை நிறுத்தி, தரைக்கு நேர் மேலே உள்ள கம்பியைச் சுண்டுங்கள். ஒருவரை சீட்டில் உட்காரவைத்து மறுபடி சுண்டுங்கள். அப்புறம் உச்சியில் உள்ள கம்பியையும் அதே மாதிரி. எதன் ஓசை இறங்குகிறது என்று காதால் கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஒரு கம்பி மட்டும் அறுந்தால் ஓட்டலாமா அண்ணா?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: 20 கம்பி மட்டும் உள்ள ரேஸ் சக்கரம், கார்பன் ரிம். ஒன்று அறுந்துவிட்டது.

அதை ஓட்டவே கூடாது. அந்த வகைச் சக்கரம் என் வேலை இல்லை, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.

கேள்வி: முன் சக்கரத்தில் கம்பி குறுக்கே பின்னாமல் நேராக இருக்கிறதே, பின்னாலும் அப்படிப் போடலாமா?

போடாதீர்கள். பெடல் மிதிக்கிற முறுக்கைப் பின் ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கொண்டுபோக சாய்ந்த கம்பி வேண்டும். இங்கிலாந்தில் சைக்கிள் செய்த ஜேம்ஸ் ஸ்டார்லி 1874லேயே கம்பியைச் சாய்த்துக் கோர்த்தது இதற்காகத்தான். டிஸ்க் பிரேக் இருந்தால் முன்னாலும் சாய்வுதான்.

கேள்வி: புதுக் கம்பி போட்ட மறுநாளே பஞ்சர்.

கம்பி நுனி நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அரத்தால் தேய்த்து, ரிம் டேப்பை ஒழுங்காகப் போடுங்கள். நீளம் பார்த்து வாங்குங்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

கேள்வி: நிப்பிள் துரு, திரும்பவே இல்லை. பலமாகத் திருப்பட்டுமா?

வேண்டாம். மறையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அசைந்த பிறகும் கால் சுற்றுதான்.

கேள்வி: ஒரு கம்பி போனால் பக்கத்து இரண்டை இறுக்கிக் கோட்டம் எடுத்துவிட்டால் போதாதா?

போதாது, போதாது. பக்கத்துக் கம்பிகள் அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமக்கும், அடுத்து அதுதான் போகும். முதலில் அறுந்ததை மாற்றுங்கள்.

கேள்வி: ஆசிரியர் மறுபடி. பேரனை உட்காரவைத்துச் சுண்டினேன். கீழ்க் கம்பி ஓசை தெளிவாக இறங்கியது, உச்சிக் கம்பியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இடப்பக்கத்தில் இரண்டு கம்பி, ஆள் இல்லாமலே 'தொப்' என்கிறது.

அந்த இரண்டும்தான் சார் அடுத்து அறுபவை. இன்றைக்கே கால் சுற்று இறுக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பேரன் பள்ளிக்கு ஓட்டுகிற சைக்கிள் என்றால் காலையில் கிளம்புவதற்குள் முடித்துவிடுங்கள்.